ஹோம்ஸ்டே வேலைக்கு இங்கிலீஷ்: இலக்கணம் தெரிகிறது, பேச்சு வர மாட்டேன் என்கிறது

ஏலமலைத் தோழி (குமுளி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் இருக்கிற ஓர் அக்காவுக்குக் கொஞ்ச நாளாக இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கொடுக்கிறேன். ஓரிடத்துக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது, அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

அக்கா தேக்கடி ரோட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறார். முதலில் சமையல் மட்டும்தான் பார்த்தார். இப்போது வீட்டுக்கார அம்மா வெளியூர் போகும்போதெல்லாம் வருகிறவர்களுக்கு ரூம் காட்டுவது, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது, படகுக்கும் ஜீப்புக்கும் வழி சொல்வது எல்லாம் இவர் பொறுப்பு. இங்கிலீஷ் சரளமாக வந்துவிட்டால் சம்பளம் கூட்டித் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கிற வயதில் இருப்பதால் அது அவருக்குப் பெரிய விஷயம். சாயங்காலம் வேலை முடிந்து, வீட்டில் உலை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து உட்காருகிறார். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள், ஆசிரியர் பயிற்சி கிடையாது.

அக்கா தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்தவர். டென்ஸ் பயிற்சி கொடுத்தால் பத்துக்கு எட்டு சரியாக எழுதுகிறார், பாடத்தை வாசித்தால் புரிந்துகொள்கிறார். ஆனால் எதிரில் ஆள் நின்று கேட்டால் வாய் கட்டிப்போகிறது. போன வாரம் ஒரு ஜெர்மன் தம்பதி ஏரி வரைக்கும் தங்கள் வண்டியிலேயே போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆனவாச்சால் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் போக வேண்டும் என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். அதைத் தமிழில் யோசித்து, இங்கிலீஷில் அடுக்கி, டென்ஸ் சரிதானா என்று பார்த்து முடிப்பதற்குள் அவர்கள் பக்கத்துக் கடையில் கேட்கப் போய்விட்டார்கள்.

என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று. இதே அக்கா மலையாளம் தண்ணீர் மாதிரி பேசுவார். 1956-ல் மாநிலம் பிரிந்தபோது எங்கள் பீருமேடு தாலுகா கேரளத்தோடு போய்விட்டாலும் இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், வெளியில் இரண்டும் என்றுதான் இருக்கிறோம், அது உங்களுக்கும் தெரியும். அக்காவுக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூட வாசிக்க வராது, யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. மீன்காரரிடம் பேரம் பேசுவார், ரேஷன் கடையில் சண்டை போடுவார், எல்லாம் மலையாளத்தில். பள்ளிக்கூடத்தில் பல வருஷம் படித்த மொழியில் ஒரு டீ வேண்டுமா என்று கேட்கத் தயங்குகிறார்.

இலக்கணத்தை வரிசையாக நடத்துவதா, நிறுத்திவிடுவதா? பேசும்போது தப்பு வந்தால் அங்கேயே திருத்தலாமா? வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? அடுத்த சீசனுக்குள் அவரைப் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

சத்திரம் ரூட் ஜீப்

தங்கச்சி, நான் சத்திரம், கவி ரூட்டில் ஜீப் ஓட்டுகிறேன். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர்கள் வண்டியில் ஏறினவர்கள்தான், அதனால் வேலை செய்கிற இடத்தில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்கிறேன்.

கெஸ்ட் கேட்கிற கேள்வியைக் கூட்டிப் பார்த்தால் இருபது முப்பதுக்கு மேல் தாண்டாது. சுடுதண்ணீர் எப்போது வரும், வைஃபை பாஸ்வேர்ட் என்ன, படகு எத்தனை மணிக்கு, யானை கண்ணில் படுமா, மூணாருக்கு எவ்வளவு நேரம், மதுரை பஸ் எங்கே நிற்கும். தினமும் இதேதான் சுற்றிச் சுற்றி வரும். அக்காவிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து அன்றைக்கு யார் என்ன கேட்டார்கள் என்று தமிழிலேயே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சாயங்காலம் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தயார் பண்ணுங்கள். பதிலை வார்த்தை வார்த்தையாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும். மதுரை பஸ்ஸுக்கு, "கிராஸ் த செக்போஸ்ட், தமிழ்நாடு பஸ் ஸ்டாண்ட் இஸ் ஆன் தி அதர் சைட்" என்றால் முடிந்தது. அதில் கிராமர் என்ன என்று கெஸ்ட் பார்க்க மாட்டார், அவருக்குப் பஸ் வேண்டும்.

முக்கியமான இன்னொன்று, புரியாதபோது என்ன சொல்வது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். "சாரி, ஒன் மோர் டைம் ப்ளீஸ், ஸ்லோலி." இது கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். இங்கே வருகிறவர்களில் பிரான்ஸ்காரர், ஜெர்மன்காரர், இஸ்ரேல்காரர் நிறைய. அவர்களுக்கும் இங்கிலீஷ் படித்து வந்த மொழிதான், மெதுவாகப் பேசுங்கள் என்றால் சந்தோஷமாக மெதுவாகப் பேசுவார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினால்தான் சிக்கல். நாம் ஆட்டுகிற ஆட்டு அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே தெரியாது. "யெஸ்" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

நம்பரில் ஒரு மணி நேரம் செலவு பண்ணினாலும் தகும். ஜீப் ஃபிஃப்டீன் மினிட்ஸில் வரும் என்று வீட்டில் சொல்வார்கள், கெஸ்ட் காதில் ஃபிஃப்டி என்று விழும், அவர் குளிக்கப் போய்விடுவார், நான் வாசலில் நிற்பேன். இது சீசனில் அடிக்கடி நடக்கிறது. டீன் என்று முடிகிற நம்பரில் அந்த டீனை அழுத்தி இழுக்க வேண்டும், டி என்று முடிகிறதில் முன்பாதியை அழுத்திவிட்டுக் கடைசியைச் சட்டென்று விட வேண்டும். அப்படியும் சந்தேகம் வந்தால் "ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல்லி, விரலையும் காட்டிவிடலாம். நேரம் சொன்னால் திருப்பிக் கேட்டு உறுதி பண்ணச் சொல்லுங்கள், "செவன் தேர்ட்டி போட், ரைட்?" என்று.

கம்பம் ஓய்வு ஆசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியிலேயே பதிலில் பாதி இருக்கிறது. அந்த அம்மா மலையாளம் எப்படிக் கற்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீன் வாங்க வேண்டும், அதற்குப் பேசினார். பேச்சு ஒரு காரியத்துக்காக நடந்தது, மொழி அதன் பின்னால் வந்து சேர்ந்தது. உங்கள் வகுப்பில் அவருக்கு அப்படி ஒரு காரியம் இருக்கிறதா என்று பாருங்கள். "வாட் இஸ் யுவர் நேம்?" என்று நீங்கள் கேட்டால் அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? பெயர்தான் உங்களுக்குத் தெரியுமே.

இதை நம் தென்னாட்டிலேயே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். என். எஸ். பிரபு என்பவர் 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கணப் பாடம் தனியாகக் கிடையாது. ரயில் அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச்சேர எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வரைபடம் கொடுத்து வழி சொல்லச் சொல்வார்கள். பிள்ளைகள் கணக்கை முடிக்கிற மும்முரத்தில் இருப்பார்கள், இங்கிலீஷ் அதற்குள்ளேயே நடக்கும். இன்று உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் பேசுகிற, ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியே மொழி சொல்லிக் கொடுக்கிற முறைக்கு அது ஒரு முன்னோடி.

அதில் அடிப்படை என்னவென்றால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் கேட்கவும் சொல்லவும் காரணம் பிறக்கும். குமுளியிலிருந்து கோட்டயம், மூணார், மதுரை போகிற பஸ் நேரத்தை ஒரு தாளில் எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு, எந்த வேளையில் கிளம்ப வேண்டும், கையில் எவ்வளவு சாமான் என்று இன்னொரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், கேட்டுக் கேட்டு பஸ்ஸை முடிவு பண்ணுங்கள். மறுநாள் தாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்த விஷயம் எது என்று பாருங்கள். சமையல் நிச்சயம். ஏலத்தோட்டத்திலும் வேலை செய்திருப்பார் என்று நினைக்கிறேன். உண்மையிலேயே தெரியாமல் நீங்கள் கேளுங்கள், அவர் சொல்லட்டும். காய் செடியில் எங்கே காய்க்கும், எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும், ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் எப்படி உலர்த்துவார்கள், நாலைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும் என்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர் ஆசையோடு கேட்கிற கதை. வகுப்பில் நீங்கள் மாணவியாகவும் அவர் ஆசிரியையாகவும் உட்கார்ந்தால் அவர் குரலே மாறிவிடும், பாருங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று வினாடி பொறுத்தபோது பதில்கள் நீளமாயின, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசின. மூன்று வினாடி மௌனம் உட்கார்ந்திருப்பவருக்கு நீளமாகத் தெரியும், ஆனால் அந்த அம்மா வாக்கியத்தை அடுக்குகிற நேரம் அது. வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழ் கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தமிழில் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, செய்வதை இங்கிலீஷில் செய்யலாம்.

நெடுங்கண்டம் டியூஷன்

ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் இலக்கணத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தப்பாகவே பேசிப் பழகினால் அப்படியே உறைந்துவிடும். "ஐ ஆம் ஹேவிங் டூ ரூம்ஸ்", "மைசெல்ஃப் குமுளி" என்று வருஷக்கணக்கில் பேசுகிறவர்களை மாற்ற நான் படாத பாடு படுகிறேன். எழுதிப் பார்க்கிற பயிற்சியை நிறுத்தினாலும், அவர் வேலையில் ஆளைப் புண்படுத்தக்கூடிய இடங்களையாவது கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

நம் பேச்சில் மரியாதை வினையின் வாலிலேயே இருக்கிறது, உட்காருங்க, இருங்க, வாங்க என்று. அதை அப்படியே மாற்றும்போது வால் விழுந்துவிடும். "சிட். வெயிட். கம்." என்று நிற்கும். சொல்கிறவர் முகத்தில் எவ்வளவு அன்பு இருந்தாலும் கேட்கிறவருக்கு அதட்டுகிற மாதிரி இருக்கும். "ப்ளீஸ் ஹேவ் எ சீட்", "குட் யூ வெயிட் ஃபைவ் மினிட்ஸ், ப்ளீஸ்", "வுட் யூ லைக் சம் டீ?" இந்த மாதிரி நாலைந்தை வாயில் ஏற்றிவிட்டால் ஹோம்ஸ்டேக்குப் போதும்.

அதேபோல "யூ டோன்ட் வான்ட் டீ?" என்று எதிர்மறையாகக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். நாம் "ஆமா, வேண்டாம்" என்போம், அவர்கள் "நோ" என்பார்கள். இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள், ஆனால் நடுவில் நிற்கிற டீ யாருக்கு என்று தெரியாமல் போகும். நேராகக் கேட்டால் யெஸ், நோ இரண்டுக்கும் அர்த்தம் தெளிவாக இருக்கும். "டிட் யூ ஸ்லீப் வெல்?" என்று கேட்பதற்குப் பதில் "யூ ஸ்லெப்ட் வெல்?" என்று குரலை உயர்த்திக் கேட்டால் அதை நான் விட்டுவிடுவேன். அது புரியும், யாரையும் புண்படுத்தாது.

மார்த்தாண்டம் நர்ஸ்

நான் வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்கிற, மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயார் ஆகிறவள். நம் இரண்டு எல்லைப் பக்கமும் நர்ஸிங் படித்தவர்கள் பாதிப் பேர் இந்தப் பரீட்சைக்குப் பின்னால்தான் ஓடுகிறோம். அதன் பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்பிளே வரும். கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள், நோயாளி யார், அவருக்கு என்ன பிரச்சினை, நீ என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். யோசிக்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். அக்காவுக்குப் பரீட்சை தேவையில்லை, ஆனால் அந்த அட்டை முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சுடுதண்ணீர் வரவில்லை என்று கோபமாக வந்து நிற்கிற கெஸ்ட்டாக நீங்கள் நடியுங்கள். இன்னொரு நாள் குழந்தைக்குக் காரமே ஆகாது என்று கவலைப்படுகிற அம்மா. அப்புறம் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய்விட்டு வந்து, குரங்கு பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்கிறவர். உட்கார்ந்து பேசாதீர்கள், அவர் வேலையில் நின்றுகொண்டுதானே பேசுகிறார், வாசலில் நின்று செய்யுங்கள். கோபக்காரருக்கு முதலில் "ஐ ஆம் சோ சாரி, லெட் மீ செக்" என்பதைச் சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்தை யோசிக்க நேரம் கிடைக்கும். வார்டில் இதைத்தான் செய்கிறேன்.

மதியம் வேலை குறைகிற நேரத்தில் உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இங்கிலீஷில் அனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கு என்ன சமைத்தேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று அரை நிமிடம் பேசினால் போதும். முகம் பார்க்காமல் பேசுவதால் கூச்சம் குறையும், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம். நீங்களும் இங்கிலீஷிலேயே பதில் பேசி அனுப்புங்கள், வேலைக்கு நடுவில் அவர் காதில் விழட்டும்.

ஏலமலைத் தோழி (குமுளி)

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன ஏலக்காய்ப் பேச்சை நேற்றுச் சாயங்காலம் செய்து பார்த்தோம். எனக்குத் தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் நிஜமாகவே கேட்டேன். காய் மரத்தில் மேலே தொங்குமா என்று கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று, குனிந்து தரையைத் தொட்டு, "நோ நோ, அப் நாட் கம்மிங். டவுன் ஒன்லி. லாங் லாங் சரம், கிரவுண்ட்ல சிலீப்பிங்" என்றார். காய் எடுப்பு நடக்கும்போது பிஞ்சை விட்டுவிட்டுப் பதமான காயை மட்டும் கிள்ளுவதைக் கையால் செய்து காட்டிக்கொண்டே, "திஸ் டேக், திஸ் நோ டேக், நெக்ஸ்ட் ரவுண்ட் டேக்" என்று நிறுத்தாமல் பேசினார். ஸ்டோரில் ராத்திரி முழுக்கச் சூடு கொடுப்பதும், சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும் என்பதும்கூடச் சொல்லிவிட்டார். இவ்வளவு நீளமாக அவர் இங்கிலீஷில் பேசி நான் கேட்டதே இல்லை, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் நெடுங்கண்டம் சார் சொன்ன பயமும் இருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக இல்லை. நிறுத்தித் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். விட்டுவிட்டால் இதுவே பழகிவிடும் என்கிறீர்கள். இதற்கு என்ன வழி?

கம்பம் ஓய்வு ஆசிரியர்

ரொம்ப நல்லது. நெடுங்கண்டம் தம்பி சொன்னது நியாயம்தான், மரியாதை வாக்கியங்களை வாயில் ஏற்றியே ஆக வேண்டும். ஆனால் திருத்துவதற்கு நேரம் இருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போது நிறுத்தாதீர்கள். அவர் "டவுன் ஒன்லி" என்றால் நீங்கள் ஆச்சரியத்தோடு "ஓ, தே க்ரோ நியர் த கிரவுண்ட்?" என்று சரியான வடிவில் திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். இப்படித் திருப்பிச் சொல்வதை மாணவர்கள் பல நேரம் கவனிப்பதில்லை என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், அதனால் அதோடு நிறுத்தக் கூடாது. பேச்சு முடிந்தபிறகு இரண்டே இரண்டு வாக்கியத்தை எடுத்து எழுதிக் காட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நேற்றுப் பேச்சில் என்றால் "தே க்ரோ நியர் த கிரவுண்ட்", "வீ பிக் ஒன்லி த ரைட் ஒன்ஸ்" இரண்டும் போதும்.

அப்புறம் அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நியூசிலாந்தில் பால் நேஷன் என்ற மொழிக்கல்வி அறிஞர் பரவலாக்கிய ஒரு பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நாலு நிமிடம் சொல்வது, அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மற்றொருவரிடம் இரண்டு நிமிடத்தில். என்ன சொல்வது என்ற கவலை முதல் தடவையே தீர்ந்துவிடுவதால், அடுத்த தடவை எப்படிச் சொல்வது என்பதில் மனம் போகும், தயக்கமும் குறையும். கேட்கிற ஆள் மாறினால்தான் சொல்கிறவருக்கும் சலிக்காது. முதலில் உங்களிடம், அடுத்து அவர் மகளிடம், அதற்கடுத்து உண்மையான கெஸ்ட்டிடம் சொல்லட்டும்.

சத்திரம் ரூட் ஜீப்

அந்த ஏலக்காய்க் கதையைக் கெஸ்ட்டிடம் சொல்லத் தயார் என்றால் சொல்லுங்கள் தங்கச்சி. என் வண்டியில் மசாலாத் தோட்டம் போகிறவர்களைக் கிளம்புவதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் டீக்கு நிறுத்துகிறேன். வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது மழைக்காலம், கூட்டம் கம்மி, அவசரப்படுத்துகிற ஆள் இருக்காது, பேசிப் பழக இதுதான் நேரம். நவம்பரில் சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் நிற்க நேரமிருக்காது.

மழையில் வருகிறவர்கள் முதலில் கேட்பது ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சியைப் பற்றித்தான், அதை நோட்டில் சேர்த்துவிடுங்கள். "யெஸ், தேர் ஆர் லீச்சஸ். வேர் லீச் சாக்ஸ். இட் டஸ் நாட் ஹர்ட் மச்." உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டவும் சொல்லுங்கள்.